அணைக் கரையில செம்மண் கலந்த கசிவு, யாரைக் கேட்கணும்?

வணக்கம். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் எங்க ஊர்ல ஒரு சின்ன மண் அணை, உயரம் சுமார் 8 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனா சுத்துப்பட்டு ஊர்ல இருந்து குடும்பம் குடும்பமா குளிக்க வர்றாங்க.

ஐப்பசி மழைக்கு அப்புறம் கரையோட வெளிப்பக்க அடியில, மதகுக்குப் பத்தடி தள்ளி கசிவு. முதல்ல தெளிவாத்தான் வந்துச்சு. பத்து நாளா செம்மண் கலந்து வருது. ராத்திரி ஒரு சொம்புல பிடிச்சு வச்சேன், காலையில அடியில வண்டல் படிஞ்சிருந்துச்சு. தெளிஞ்ச தண்ணி கசியறது மண் அணையில சகஜம். மண்ணை அரிச்சுட்டு வந்தா கரைக்குள்ள ஓட்டை விழுதோன்னு பயம். 2017 நவம்பர்ல கிருஷ்ணகிரி அணை ஷட்டர் உடைஞ்சப்ப பட்ட பதட்டம் இன்னும் மறக்கல.

குறைதீர் கூட்டத்துல ரெண்டு தடவை மனு குடுத்தேன், ரசீது இருக்கு. ஒரு அலுவலகம் இன்னொண்ணைக் கை காட்டுது. முள் வெட்டிப் போட்டு வழியை மறிச்சோம், பசங்க தாண்டிப் போறாங்க. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தோட முக்கிய விதிகள் 10 மீட்டருக்குக் குறைஞ்ச அணைக்குப் பொருந்தாது.

இவ்வளவு சின்ன அணையை உடனே வந்து பார்க்கச் சொல்லி எந்தப் பொறியாளருக்கு எழுதணும்?