அப்பத்தா பின்னின குரோஷா விரிப்பு, ஓட்டை பெருசாகிட்டே போகுது

பள்ளத்தூர்ல எங்க வீட்டு ரெண்டாங்கட்டு பெட்டகத்தில இருந்து எடுத்தது. அப்பத்தா 1962ல கல்யாணத்துக்கு முன்னாடி பின்னினது, கல்யாணச் சீர் சாமான் பரப்பி வச்சப்ப இதுவும் இருந்துச்சாம். 40ம் நம்பர் வெள்ளை பருத்தி நூல், அன்னாசி டிசைன், 5 அடிக்கு 3 அடி.

ராமபாணப் பூச்சி அரிச்சு நாலு எடத்துல ஓட்டை. பெரிய ஓட்டை மொதல்ல அஞ்சு ரூபா காசு அளவுதான், ரெண்டு மாசத்துல உள்ளங்கை அளவு ஆயிருச்சு, ஒரு கண்ணி அறுந்தா சுத்தி இருக்கிறதெல்லாம் உருவிக்கிட்டு வருது. ஓரத்துல குண்டூசி துரு கறை வேற.

கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தேச்சு வெயில்ல போட்டேன், முக்காவாசி போயிருச்சு. (பிளீச்சிங் மட்டும் போட்டுடாதீங்க, துரு இன்னும் நல்லா ஊறிரும்.) ஓட்டையச் சுத்தி தையல் நூல்ல கட்டிப் பாத்தேன், இழுத்துக்கிட்டு சுருங்கிருச்சு, பிரிச்சுட்டேன். காரைக்குடில ரெண்டு டெய்லர்ட்ட காட்டினா நல்லா இருக்கிற பக்கத்த வெட்டி குஷன் கவர் தைக்கலாங்கிறாங்க, மனசு வரல. வெட்டினா பிரிஞ்சிரும்னு சொன்னாலும் புரியல அவங்களுக்கு. எங்க ஆச்சிக்கு (அக்காவுக்கு) பின்னத் தெரியும், ஆனா கண்ணு இப்ப சரியில்ல.

தை மாசம் மக கல்யாணம், அதுக்குள்ள முழுசா சரி பண்ணி பின்னால காட்டன் துணி வச்சு முகப்புல மாட்டணும்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வெட்டாம, அதே டிசைன்ல கண்ணி எடுத்து ஓட்டைய பின்னி அடைக்கிறவங்க யாராச்சும் தெரியுமா?