தளர்ந்த கையை நம்பப் பழகிய அனுபவம்

அன்பர்களுக்கு வணக்கம். கோல்ஃபில் பந்து போகும் தூரத்தைத் தோள் வலிமையால்தான் சம்பாதிக்க முடியும் என்று ஆறு ஆண்டுகள் உறுதியாக நம்பியிருந்தவன் நான். அதிகத் தூரம் அடிக்க உதவும் ‘டிரைவர்’ என்ற நீண்ட கிளப்பை (மட்டையை) கையில் எடுத்தாலே முன்னங்கை நரம்புகள் புடைத்துக்கொள்ளும். கிளப்பைப் பின்னோக்கித் தூக்கும் பேக்ஸ்விங் முடிவதற்குள் தோள்கள் பந்தை நோக்கித் திரும்பிவிடும். கிளப் வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு வர, பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் விழும். இடக்கைக் கையுறை மூன்றே வாரங்களில் உள்ளங்கையின் அடிப்பக்கம் தேய்ந்து ஓட்டையாகிவிடும். கையுறையின் தரம்தான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். என் பயிற்சியாளர் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, ஸ்விங்கைப் (கிளப்பை வீசும் முறையை) பார்க்காமலேயே, அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதுதான் என் குறை என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, நடுத்தரத் தூரத்துக்கான கிளப்பான செவன் அயர்னால், பாதி ஸ்விங்கில் மட்டும் அடிக்கச் சொன்னார். அப்படி நின்றுகொண்டு வலுவாக வீசினால் உடல் தள்ளாடிவிடும் என்பதால் மெதுவாக வீசுவதைத் தவிர வேறு வழியில்லை. பத்துப் பதினைந்து பந்துகள் தரையைச் சுரண்டிக்கொண்டு போயின. அதற்கடுத்த பந்தில் கைக்கு எந்த அதிர்வும் வரவில்லை. ‘டக்’ என்று ஒரு சிறிய ஒலி மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது, வழக்கமாக முழு வேகத்தில் நான் அடிக்கும் தூரத்தைவிடச் சற்றே குறைவான தூரத்தில் அந்தப் பந்து இறங்கிக்கொண்டிருந்தது.

காரணத்தைப் பிறகு புரிந்துகொண்டேன். அதிகபட்சம் 45.93 கிராம் எடையுள்ள அந்தப் பந்தோடு கிளப் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி விநாடிதான். அதற்குள் தசையால் புதிதாக எதையும் சேர்த்துவிட முடியாது. கிளப்பின் தலை எவ்வளவு வேகத்தோடு வந்து சேர்கிறது, அதன் நடுப்பகுதி பந்தில் படுகிறதா என்பவையே தூரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இடுப்பில் தொடங்கும் வேகம் உடல், தோள், கை என்று ஏறிவந்து கடைசியில் கிளப்புக்குப் போய்ச் சேர வேண்டும். முன்னங்கை இறுகியிருந்தால் மணிக்கட்டிலேயே அது தடைபட்டுவிடுகிறது. 1994 முதல் 2012 வரையிலான காலத்தில் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் நான்கு பட்டங்களை வென்ற தென்னாப்பிரிக்க வீரர் எர்னி எல்ஸுக்கு ‘பிக் ஈஸி’ (இலகுவாக ஆடும் பெரிய மனிதர்) என்ற பட்டப்பெயர் ஏன் பொருந்துகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆனாலும் புரிந்துகொள்வது வேறு, நம்புவது வேறு. பயிற்சித் தளத்தில் இலகுவாக வந்த ஸ்விங், முன்னால் ஏரி தெரிந்தவுடன் காணாமல் போய்விடும். ஒருநாள் அப்படிப்பட்ட இடத்தில், செவன் அயர்ன் போதுமான தூரத்துக்கு, அதைவிடச் சற்று அதிகத் தூரம் போகும் சிக்ஸ் அயர்னை எடுக்கும்படி பயிற்சியாளர் சொன்னார். வலிந்து அடிக்க வேண்டிய தேவையே இல்லாததால் கை தானாகத் தளர்ந்தது. பந்து தண்ணீரைத் தாண்டி, குழியைக் காட்டும் கொடிக்கும் அப்பால் போய் நின்றது. என் நம்பிக்கை உண்மையில் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று சொல்வேன்.

மறுமொழி:

ஐயா, என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. தளர்வாக இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, பிடியையே விட்டுவிடும் அளவுக்குத் தளர்ந்துபோனேன். பேக்ஸ்விங்கின் உச்சியில் கிளப் கைக்குள்ளேயே ஆடியது. இடக்கையின் கடைசி மூன்று விரல்கள் உறுதியாகவும் முன்னங்கை தளர்வாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பழக எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. தொழில்முறை வீரர்களின் பேக்ஸ்விங், கிளப்பைப் பந்தை நோக்கி இறக்கும் டவுன்ஸ்விங்கைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் எடுக்கிறது என்று அறிந்த பிறகு, மேலே போகும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்றும், பந்தைத் தொடும்போது நான்கு என்றும் மனத்துக்குள் எண்ணுகிறேன். மெதுவாக வீச வேண்டும் என்பதில்லை, உச்சியில் வெடுக்கென்று இழுக்காமல் இருந்தால் போதும் என்பதை அந்த எண்ணிக்கைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மறுமொழி:

அம்மா, விரல்களைப் பற்றித் தாங்கள் சொன்னது எனக்கு மிகவும் பயன்படும். அதை நான் கவனித்ததே இல்லை. இப்போதெல்லாம் கையுறை மாதக்கணக்கில் உழைக்கிறது. ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில், பின்னால் நாலு பேர் நின்று பார்க்கும்போது மட்டும் பிடி இன்னும் இறுகுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நின்று, தங்களைப் போலவே நான்கு வரை எண்ணிப் பார்க்கிறேன்.