மரத்தளத்தின் தூண்களைக் கான்கிரீட்டில் நிறுத்தியவர்களின் அனுபவங்கள்

தச்சு வேலை செய்பவர்:

வீட்டுக்கு வெளியே தூண்களின் மேல் மரத்தளம் அமைக்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தூணை மண்ணுக்குள் இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் கொட்டிவிட்டால் உறுதியாக நிற்காதா என்பதுதான். நிற்கும், சில ஆண்டுகள் வரை மிக உறுதியாகவே நிற்கும். அதன் பிறகு என்ன ஆகிறது என்பதை, பழைய தளங்களைப் பிரித்து மாற்றும் வேலையில் கண்டதைக் கொண்டு சொல்கிறேன்.

அண்மையில் ஒரு வீட்டின் பின்புறத் தளத்தில், நடக்கும்போது ஒரு மூலை மட்டும் இலேசாக அமிழ்கிறது என்று சொல்லி அழைத்தார்கள். பலகைகளிலும் உத்தரத்திலும் எந்தக் குறையும் தெரியவில்லை. மூலைத் தூணின் அடியில் கான்கிரீட்டின் விளிம்பை மூடியிருந்த மண்ணையும் சருகையும் விலக்கிவிட்டு, மெல்லிய உளியால் மரத்தைக் குத்திப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உளியின் முனை மட்டுமே இறங்கியது. நெம்பியபோது மரம் நீண்ட சிராயாகப் பெயர்ந்தது. அதே உளி கான்கிரீட் விளிம்புக்கு நேராக ஒரு விரல் நீளத்துக்குத் தடையின்றி இறங்கியது. நெம்பினால் நாரே இல்லாமல் சிறு சிறு கட்டிகளாக உதிர்ந்தது. உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துத் தூணை அறுத்தெடுத்த பின், கான்கிரீட்டுக்குள் இருந்த அடிக்கட்டையையும் உடைத்துப் பார்த்தோம். அதன் கீழ்ப்பகுதி ஈரமாக இருந்தாலும் கெட்டியாகவே இருந்தது. மக்கியிருந்தது தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும்தான். தளத்தின் பாரம் முழுவதும் அந்த ஒரு சாண் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டியிருந்தது.

மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும் வரை அது பரவுவதில்லை. மேலே உள்ள பகுதி மழையில் நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்று போதாது. இரண்டும் கூடுமிடம் தரைமட்டம். சுற்றிலும் கொட்டிய கான்கிரீட் இதைத் தடுப்பதற்கு மாறாக ஊக்குவிக்கிறது. ஈரக் கலவைக்கு நடுவில் நிற்கும்போது ஊறிப் பருத்த மரம் பின்னர் உலர்ந்து சுருங்குகிறது, இரண்டுக்கும் இடையே ஒரு சிறு சந்து உண்டாகிறது, தூண் வழியே வழியும் மழைநீர் அதற்குள் இறங்கி வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. கரையான் இருக்கும் மண்ணில் அதுவும் கண்ணில் படாமல் ஏறுவதற்கு அந்தச் சந்தே பாதையாகிறது.

மக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம்தானே என்று பலர் கேட்பார்கள். மருந்து மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் நன்றாக ஏறும். உள்ளே வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதியில் அவ்வளவாக ஏறாது. உயரத்துக்கு ஏற்றபடி அறுத்த முனையை மண்ணுக்குள் விட்டால், மருந்து எட்டாத உட்பகுதியைத்தான் ஈரத்துக்குக் கொடுக்கிறோம். அறுத்த முனை எங்கே இருந்தாலும் அதற்குத் தனியாக மருந்து பூச வேண்டும். மண்ணைத் தொடும் வேலைக்கென்றே மருந்தேற்றிய மரம் தனியாக இருக்கிறது என்பதையும் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே கான்கிரீட் மரத்தைச் சுற்றி இருக்கக் கூடாது, மரத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குழியில் வார்க்கும் கான்கிரீட்டைத் தரைக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. வரை எழுப்பி, அதன் தலையை நீர் வழிந்தோடும்படி சரிவாகத் தேய்த்து, கலவை இறுகுவதற்கு முன்பே போல்ட்டைச் செங்குத்தாகப் பதித்துவிட்டு, பிறகு அதன்மேல் தூணின் அடியைப் பிடிக்கும் இரும்புப் பாதத்தை முடுக்கி அதில் தூணை நிறுத்துகிறேன். பாதத்தில் உள்ள தட்டு, மரத்தின் முனையைக் கான்கிரீட்டிலிருந்து ஏறத்தாழ 25 மி.மீ. தூக்கிப் பிடிக்கிறது. பாதமும் போல்ட்டும் உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தவையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் கிடைக்கும் மருந்துகளில் உள்ள செம்பு, சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடும்.

கட்டுமானப் பொறியாளர்:

நண்பர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். எனக்குக் கவலை தருவது குழியின் அகலம். ஆழத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அகலத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. தளத்தின் ஒரு சதுர மீட்டருக்கு மனிதர், பொருள், மரம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 250 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். ஒரு தூண் 4 சதுர மீட்டரைத் தாங்கினால் அதன் மேல் ஒரு டன் வருகிறது. 30 செ.மீ. விட்டமுள்ள குழியின் அடிப்பரப்பு 0.07 சதுர மீட்டர்தான். அப்படியானால் மண்ணின் மீது சதுர மீட்டருக்கு 14 டன் அழுத்தம் விழுகிறது. களிமண்ணுக்கு 7 டன்னுக்கு மேல் வைத்துக்கொள்வது பாதுகாப்பல்ல. விட்டத்தை 45 செ.மீ. ஆக்கினால் அழுத்தம் 6 டன் சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

அடியில் கிடக்கும் உதிரி மண்ணை முழுவதும் அள்ளி எடுங்கள். அது பின்னாளில் அமுங்கி, கான்கிரீட்டையும் தூணையும் சேர்த்தே இறக்கிவிடும். வேலித் தூணுக்குச் செய்வதைப் போல உலர்ந்த கலவையைக் குழியில் கொட்டி மேலே நீர் ஊற்றும் முறை, பாரம் தாங்கும் தூணுக்கு ஒருபோதும் உதவாது. நீர் ஓரிடத்தில் சேர்ந்து ஓரிடத்தில் சேராமல், உள்ளே பொடியாகவே நின்றுவிடும். கலவையை முன்பே கலந்து, இளக்கத்துக்காக நீரைக் கூட்டாமல், கம்பியால் குத்திக் கெட்டித்து, ஒரு வாரமாவது ஈரச் சாக்கால் மூடி வைப்பது நல்லது. முழு வலிமைக்குக் கணக்கு 28 நாட்கள். 7 நாட்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும்.

உறைபனி விழும் பகுதியில் வசிப்பவர்:

எங்கள் பகுதியில் குளிர்காலத்தில் மண்ணே உறைந்துவிடும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது என்பது மட்டும் அன்று. உறைந்த அடுக்கு கீழேயுள்ள மண்ணிலிருந்து மேலும் நீரை உறிஞ்சிப் பனிக்கட்டித் தகடுகளாக வளர்கிறது. எதிர்வீட்டுத் தளத்தின் வெளிப்புறத் தூண்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சற்றே உயர்ந்து, வெயில் வந்த பின்னும் பழைய இடத்துக்கு இறங்காமல் நின்றதால், வீட்டுக் கதவு தளத்தின் பலகையில் இடித்துத் திறக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். தோண்டியபோது, குழியின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருந்தது. கான்கிரீட்டின் அகன்ற தலையைப் பனி கீழிருந்து பிடித்துத் தூக்கியிருந்தது. குழியின் அடி உறையும் ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அட்டைக் குழாய்க்குள் வார்த்துப் பக்கங்களை வழவழப்பாக வைத்து, அடியை மட்டும் அகலமாக்கினால் பனியின் பிடி தளரும்.

வீட்டு உரிமையாளர் ஒருவர்:

தச்சர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். எங்கள் தளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. இரும்புப் பாதத்தில் தூண்களை நிறுத்திய பிறகு, நாலு பேர் சேர்ந்து நடந்தாலே பக்கவாட்டில் ஆடுகிறது. மண்ணில் புதைத்த பழைய தூண்களில் இந்த ஆட்டம் இல்லை.

தச்சு வேலை செய்பவர்:

உங்கள் கவனிப்பு சரியானது. புதைத்த தூண் பக்கவாட்டுத் தள்ளலை மண்ணின் பிடிமானத்தால் தாங்குகிறது. இரும்புப் பாதம் கீழே நழுவாமல் பிடிக்குமே தவிர, தூண் சாய்வதை அதனால் தடுக்க இயலாது. அதற்கான வேலையை மேலே செய்ய வேண்டும். ஒவ்வொரு தூணிலிருந்தும் உத்தரத்துக்கு 45 பாகைச் சாய்வில், உத்தரத்துக்குக் கீழே குறைந்தது 60 செ.மீ. இறங்கும்படி சாய்சட்டம் கொடுங்கள்; ஆணி அடிக்காமல், துளையிட்டு ஊடுருவும் போல்ட்டால் முடுக்குங்கள். உத்தரம் ஓடும் திசையில் மட்டும் கொடுத்தால் குறுக்கு வாட்டத்தில் ஆட்டம் நீடிக்கும். அங்கேயும் சட்டம் வேண்டும். தளம் வீட்டோடு சேர்ந்திருந்தால், சுவரில் சேரும் இணைப்பையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சாய்சட்டத்துக்கு இடமே இல்லாமல் புதைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அடியில் கான்கிரீட் திண்டு வார்த்து அது இறுகிய பின் அதன்மேல் தூணை நிறுத்தி, ஆலையிலிருந்து மருந்தோடு வந்த முனையையே கீழே வைத்து, சுற்றிலும் ஜல்லியை அடுக்கடுக்காக இட்டுக் கெட்டித்து நிரப்புங்கள். ஜல்லியில் நீர் தங்காமல் இறங்கிவிடும். அப்படிச் செய்த தூண்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் தரைமட்டத்தில் உளியால் குத்திப் பாருங்கள்.