பிரெஞ்சு இளங்கலை படிக்கலாமா?

கேள்வி: மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்த என் மகள், அதையே பட்டப்படிப்பாகப் படிக்க விரும்புகிறாள். பள்ளியில் கற்றது போதுமா? வேலைக்கு வழி உண்டா?

மறுமொழி 1: தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அடிப்படையிலிருந்தே கற்பிப்பதால், பள்ளியில் கற்றது குறைவாக இருந்தாலும் தடையாகாது ஐயா. ஆனால் வினைச்சொல் வாய்பாடுகளை மனப்பாடம் செய்தே தேர்வெழுதிய பிள்ளைகள், வகுப்பில் ஆசிரியர் பிரெஞ்சிலேயே பேசத் தொடங்கியதும் திணறிப்போகிறார்கள். பிரான்சின் ஆர்.எஃப்.ஐ வானொலி எளிய பிரெஞ்சில் தரும் செய்தியை நாள்தோறும் கேட்கச் சொல்லுங்கள். காது பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மறுமொழி 2: பட்டத்தோடு, பிரெஞ்சு மொழித்திறன் தேர்வான டெல்ஃபில் பி2 நிலைச் சான்றிதழும் அவசியம். பிரான்சில் பிரெஞ்சு வழி மேற்படிப்புக்குப் பெரும்பாலும் அந்த நிலையைத்தான் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழ் காலாவதியாவதும் இல்லை. முதுகலைக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

மறுமொழி 3: வேலைக்கு மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம், ஆசிரியப் பணியையும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.