மறு: ‘மாய்ஸ்ச்சர் கன்டென்ட்’ (ஒரு பொருளில் உள்ள நீரின் அளவு) – தமிழில் என்ன?

> ‘ஈரப்பதம்’ என்றே இருக்கட்டுமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, நெல்லோடு நின்றால் நீங்கள் சொல்வது சரிதான். கொள்முதல் நிலையத்தில் ‘ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது. அதை யாரும் மாற்றப்போவதில்லை. ஆனால் பாடநூலில் ஈரப்பதம் என்பது காற்றில் இருப்பது. கிடங்கைப் பற்றி எழுதினால் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும். ‘காற்றின்’, ‘நெல்லின்’ என்று சேர்த்துச் சமாளிக்கலாம்தான். கருவிக்கு வரும்போது மாட்டிக்கொள்வோம்: ‘ஈரப்பதமானி’ காற்றை அளப்பதா, தானியத்தை அளப்பதா?

பொருளில் உள்ளதற்கு ‘உள்ளீரம்’ என்று வைக்கலாம். கருவி, உள்ளீரமானி. (‘ஈரப்பத உள்ளடக்கம்’ வேண்டவே வேண்டாம், அரசாணை வாடை அடிக்கிறது.)

எந்தச் சொல்லை எடுத்தாலும் சதவீதம் எதன்மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். 100 கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீர் என்றால் மொத்த எடையில் 17 சதவீதம்; மீதி 83 கிலோ உலர் எடையின்மேல் கணக்கிட்டால் ஏறக்குறைய 20.5. நெல்லுக்கு முதல் கணக்கு, மரத்துக்கு இரண்டாவது. அதனால்தான் பச்சை மரத்தில் 100 சதவீதத்துக்கு மேலும் வரும். பருத்திக்கு நூற்பாலைக்காரர்கள் சொல்லும் 8.5 சதவீதமும் உலர் எடையின்மேல்தான். ‘மொத்த எடைவழி’, ‘உலர் எடைவழி’ என்று முன்னொட்டு தரலாமா?

---

> பொருளில் உள்ளதற்கு ‘உள்ளீரம்’

சொல் நன்றாக இருக்கிறது, ஒரு தயக்கம். ‘உள்’ என்றதும் மேலே ஒட்டியிருக்கும் தண்ணீர் சேராது என்று படுமே? அளப்பதற்காக அடுப்பில் வைத்து உலர்த்தினால் அதுவும்தானே போகும்.

இன்னொன்று. மிளகையும் ஏலக்காயையும் 105 டிகிரியில் உலர்த்தினால் தண்ணீரோடு வாசனை எண்ணெயும் ஆவியாகும். எடைக் குறைவை அப்படியே உள்ளீரம் என்று எழுதினால் கணக்கு கூடிவிடும். அதனால்தான் மசாலாப் பொருள்களை டொலுயீன் என்ற கரைப்பானோடு காய்ச்சி வடித்து, பிரிந்துவரும் தண்ணீரை மட்டும் அளக்கிறார்கள். ஆகவே அந்த எடைக் குறைவுக்கு ‘உலர்த்தல் இழப்பு’ தனிச்சொல்லாக இருக்கட்டும்.

---

மேல்தண்ணீருக்கு ‘மேலீரம்’ என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் ‘மொத்த ஈரம்’. நிலக்கரிக்காரர்களுக்கும் இந்தப் பிரிவினை தேவைப்படும். ‘உலர்த்தல் இழப்பு’ எனக்குச் சம்மதம். அப்புறம், ‘வாட்டர் ஆக்டிவிட்டி’க்கு யாராவது சொல் தாருங்கள். பொருளில் உள்ள தண்ணீர் பூஞ்சை, கிருமிகளுக்கு எந்த அளவு கிடைக்கும் நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுவது அது. சதவீதமே இல்லை, 0 முதல் 1 வரை போகும் எண். பூஞ்சை பிடிக்குமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ‘நீர்ச் செயல்பாடு’ என்பது குடிநீர் வாரிய அறிக்கை மாதிரி இருக்கிறது.