பிணை பிடிப்பு: தலைவர்களின் மிரட்டலால் ஆவது என்ன?

சுங்கை சிப்புட் வாசகர்:
எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் காலைத் தேநீருக்குக் கூடுகிறவர்களிடையே சில நாட்களாக ஒரே வாதம். "விடாவிட்டால் விளைவு கடுமையாக இருக்கும்" என்று தலைவர்கள் முழங்குவதால்தான் பிணையாளிகள் உயிரோடு திரும்புகிறார்கள் என்கிறது ஒரு தரப்பு. அது வெறும் வாய்ச்சவடால், திரைமறைவில் கைமாறுவதே காரியத்தை முடிக்கிறது என்கிறது மற்றொரு தரப்பு. நடந்தவற்றை வைத்து யாரேனும் விளக்க இயலுமா?

ஓய்வுபெற்ற கிராணி:
நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1975 ஆகஸ்டில் ஜப்பானியச் செம்படை என்ற தீவிரவாதக் குழுவினர் கோலாலம்பூர் ஏஐஏ கட்டடத்தில் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து வைத்தபோது, ஜப்பான் தன் சிறையிலிருந்த ஐவரை அனுப்பி வைத்தது. மலேசிய அதிகாரிகள் பிணையாளிகளுக்கு ஈடாகத் தாங்களே விமானமேறி லிபியா வரை சென்றார்கள்.

அடுத்தது 2017. வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜோங் நாம் இங்கே கொலையுண்டதை அடுத்து, மார்ச் 7 அன்று வட கொரியா தன் மண்ணிலிருந்த மலேசியர்கள் வெளியேறத் தடை விதித்தது. நம் குடிமக்களைப் பிணை வைத்திருக்கிறார்கள் என்று அன்றைய பிரதமர் நஜிப் கடுமையாகக் கண்டித்தார். இங்கிருந்த வட கொரியர்களும் தடுக்கப்பட்டனர். மார்ச் 31 விடியற்காலையில் ஒன்பது மலேசியர்கள் கேஎல்ஐஏ வந்திறங்கினர். கிம் ஜோங் நாமின் சடலமும், இங்குள்ள வட கொரியத் தூதரகத்துக்குள் இருந்தபடி காவல்துறையால் தேடப்பட்டவர்களும் பியோங்யாங் போய்ச் சேர்ந்தனர். ஒன்பது பேர் வீடு திரும்பியதை நான் குறைகூறவில்லை. ஆனால், கொடுத்த விலையை அறிய விரும்புகிறவர், தலைவரின் அறிக்கையை விட்டுவிட்டு, எதிர்த்திசை விமானத்தில் ஏறியவர்களைப் பார்க்க வேண்டும்.

செம்பனைக்காட்டான்:
ஐயா, ஈரானை மறந்துவிட்டீர்கள். அமெரிக்கத் தூதரகத்தினரைப் பிணை பிடித்து 444 நாட்கள் அசையாதவர்கள், ரீகன் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற 1981 ஜனவரி 20 அன்றே 52 அமெரிக்கர்களை விட்டார்களே, அது அச்சம் அல்லாமல் வேறென்ன?

ஓய்வுபெற்ற கிராணி:
அந்த உடன்பாடு முந்தைய நாளே அல்ஜீரியா நடுவில் நிற்க முடிந்துவிட்டது; அதைப் பேசி முடித்தது ரீகனுக்கு முந்தைய அதிபர் கார்ட்டரின் அரசு. முடக்கப்பட்டிருந்த ஈரானியப் பணத்தில் பல நூறு கோடி டாலர் கைமாறிய பிறகே விமானம் புறப்பட்டது. கார்ட்டர் 1980 ஏப்ரலில் அவர்களை மீட்கப் படையையும் அனுப்பிப் பார்த்தார். பாலைவனத்தில் எட்டு வீரர்கள் மாண்டதுதான் மிச்சம். இதற்கு மாறாக, 1976இல் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகள் உகாண்டாவின் எந்தெபேயில் பிணையாக இருந்தபோது, கடத்தியவர்களோடு பேசுவதற்கு இசைவதாக இஸ்ரேல் அறிவித்தது. கெடு நீட்டிக்கப்பட்ட இடைவெளியில் படையை இறக்கி, நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டது. அடிக்கத் துணிந்தவன் தண்டோரா போடுவதில்லை.

முன்னாள் சங்கச் செயலாளர்:
தோட்டச் சம்பளப் பேச்சுகளிலும் மேடை முழக்கம் உறுப்பினர்களுக்காகத்தான். கதவைச் சாத்திய பின் கணக்கு வேறு. எனினும், கிராணி ஐயா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 2000 ஏப்ரல் 23 அன்று சபாவின் சிப்பாடான் தீவிலிருந்து அபு சயாப் என்ற பிலிப்பீன்ஸ் தீவிரவாதக் கும்பல் 21 பேரைத் தென் பிலிப்பீன்ஸின் ஜோலோ தீவுக்குக் கடத்தியது. லிபியா நடுவில் நிற்க, பெருந்தொகை கைமாறி, தவணை தவணையாக ஏறக்குறைய எல்லோரும் வெளிவந்தார்கள். ஆனால், அந்தச் செப்டம்பரிலேயே சபாவின் பண்டானான் தீவிலிருந்து மேலும் மூன்று மலேசியர்கள் கடத்தப்பட்டார்கள். அதன் பிறகுதான் பிலிப்பீன்ஸ் அதிபர் எஸ்திராடா ஜோலோவுக்குள் படையை ஏவினார்.