டாஸ் காலத்து சீரியல் நிரல், விண்டோஸ் 11: பதில் பாதியில் அறுகிறது

பழைய பிஎல்சிக்கான (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) 16 பிட் டாஸ் நிரல் இது. 64 பிட் விண்டோஸ் இதைத் தொடாது, அதனால் டாஸ்பாக்ஸ் என்ற டாஸ் எமுலேட்டரில் ஓடுகிறது. கான்ஃபிக்கில் டைரக்ட்சீரியல், ரியல்போர்ட் காம்3, அதாவது விண்டோஸின் காம்3 சீரியல் போர்ட்டையே நிரலுக்குக் கொடுத்திருக்கிறேன். வேகம் 9600, 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட்.

சின்னக் கட்டளைகளுக்குப் பதில் ஒழுங்காக வருகிறது. பிஎல்சியின் நினைவகத்தை மொத்தமாகப் படிக்கும்போது மட்டும் நடுவில் 'டைம் அவுட்'. யுஎஸ்பி-சீரியல் மாற்றியில் இருப்பது எஃப்டிடிஐ நிறுவன சிப். டிவைஸ் மேனேஜரில் லேட்டன்சி டைமரை (வந்த தரவை மாற்றி பிடித்து வைக்கும் நேரம்) 16-லிருந்து 1 மில்லிசெகண்டாகக் குறைத்ததும் கொஞ்சம் தேறியது, முழுசாகத் தீரவில்லை. கேபிளில் 2, 3, 5 பின்கள்தான் (பெற, அனுப்ப, கிரவுண்ட்). கணினிப் பக்கம் 7-8 பாலம் போட்டிருப்பதால் சிடிஎஸ் ('அனுப்பலாம்' என்று சொல்லும் சிக்னல்) மேல் சந்தேகமில்லை.

டாஸ்பாக்ஸின் ஆர்எக்ஸ்டிலேயை (வந்த தரவைத் தாமதிக்கும் அமைப்பு) 100-க்கு மேல் ஏற்றியவர்கள் உண்டா? சைக்கிள்ஸை (டாஸ்பாக்ஸ் காட்டும் சிபியு வேகம்) நிலையாக வைத்தால் உதவுமா? பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு போட்டு, டாஸுக்கு இணையான இலவச ஃப்ரீடாஸில் பூட் செய்யலாம்தான். ஆனால் நிரல் காம்1-இன் வழக்கமான 3எஃப்8 முகவரியை மட்டுமே தேடும், அந்தக் கார்டுகள் பெரும்பாலும் வேறு முகவரியில் உட்காரும். இதைச் சமாளித்தவர்கள் வழி சொல்லுங்கள்.